மோஹோல்: கவசத்தை எட்டாமல் நின்ற துளை

கடல் தரையைத் துளைத்து, புவி மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசத்தை எட்டப் போட்ட திட்டம் மோஹோல். 1966 ஆகஸ்டில் அமெரிக்க காங்கிரஸ் அதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதுவரை சுமார் 5 கோடியே 70 லட்சம் டாலர் செலவாகியிருந்தது. மூன்றரை கிலோமீட்டர் ஆழக் கடலில் போட்ட துளைகளில் மிக ஆழமானது, கடல் தரைக்குக் கீழே 183 மீட்டர். போக நினைத்த ஆழமோ ஐந்து கிலோமீட்டருக்கு மேல். இந்த எண்களை மட்டும் வைத்துத்தான் இந்தத் திட்டத்தைப் பெரும்பாலும் எடைபோடுகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. இதற்குள் இரண்டு தனித்தனிக் கதைகள் இருக்கின்றன. 1961இல் முடிந்த முதல் கட்டம், கடல் பொறியியலில் அந்த நூற்றாண்டின் நல்ல வேலைகளில் ஒன்று. 1962இல் தொடங்கிய இரண்டாம் கட்டம், ஒரே ஒரு கேள்விக்கு நேரத்தோடு பதில் சொல்லாததால் மூழ்கியது. அடுத்துக் கட்ட வேண்டியது ஒரு கப்பலா, இரண்டு கப்பல்களா என்பதுதான் அந்தக் கேள்வி.

எதைத் தேடிப் போனார்கள்

1909 அக்டோபர் 8ஆம் தேதி, குரோஷியாவில் ஸாக்ரெப் நகருக்குத் தெற்கே குபா பள்ளத்தாக்கில் ஒரு நிலநடுக்கம். அதன் பதிவுகளை ஆராய்ந்த ஆண்ட்ரியா மொஹோரோவிசிக், ஒரே நடுக்கத்தின் அலைகள் இரண்டு தொகுதிகளாக வந்து சேர்வதைக் கவனித்தார். தொலைவில் இருந்த நிலையங்களை, ஆழமாகப் போய்ச் சுற்றி வந்த அலைகள் முதலில் எட்டின. அப்படியானால் கீழே எங்கோ பாறையின் தன்மை சட்டென்று மாறுகிறது, அங்கே அலைகளின் வேகம் கூடுகிறது. அவர் கணக்கில் அந்த எல்லை சுமார் 54 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. அதற்கு மேலே இருப்பது புவி மேலோடு, கீழே இருப்பது கவசம். அவர் பெயரைச் சுருக்கி அந்த எல்லையை இன்றும் மோஹோ என்கிறார்கள்.

புவியின் கன அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கவசம்தான். எரிமலைகள் அங்கங்கே துண்டு துண்டாகக் கொண்டுவரும் கற்களைத் தவிர, அது இருக்கும் இடத்துக்கே போய் யாரும் மாதிரி எடுத்ததில்லை. கண்டங்களுக்கு அடியில் மோஹோ 30, 40 கிலோமீட்டர் கீழே கிடக்கிறது. 1950களின் இறுதியில் எண்ணெய்க் கிணறுகளின் உச்ச ஆழமே ஏழரை கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான். ஆகவே நிலத்தில் முயல்வதில் பயனில்லை. கடலுக்கு அடியில் நிலைமை வேறு. அங்கே மேலோடு மெலிதாக, ஐந்திலிருந்து ஏழு கிலோமீட்டர் வரைதான் இருக்கிறது. அந்த மேலோட்டுக்கு மேலே நான்கு கிலோமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் சிக்கல்.

யோசனை பிறந்த விதம்

1957 மார்ச்சில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் புவி அறிவியல் குழு, நிதி கேட்டு வந்த விண்ணப்பங்களைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. எல்லாம் உருப்படியான ஆய்வுகள்தான், ஆனால் துறையையே புரட்டிப் போடக்கூடியது ஒன்றும் இல்லை என்ற ஆதங்கம் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் வால்டர் மங்குக்கு. கவசம் வரை துளை போட்டால் என்ன என்று கேட்டார். பிரின்ஸ்டனின் ஹாரி ஹெஸ் அதைப் பிடித்துக்கொண்டார். யோசனையை 'அமெரிக்கன் மிசலேனியஸ் சொசைட்டி'யிடம் ஒப்படைக்கலாம் என்றவர் அவர்தான்.

கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தைச் சேர்ந்த கோர்டன் லில், கார்ல் அலெக்சிஸ் இருவரும் 1952இல் தொடங்கிய வட்டம் அது. எந்த வகையிலும் அடங்காத யோசனைகளைப் பேசுவதற்கென்று அறிவியலாளர்கள் கூடிய இடம். உறுப்பினர் பட்டியல் இல்லை, சந்தா இல்லை, விதிமுறை இல்லை. இப்படி ஓர் இடம் இருந்ததால்தான், வேறெங்கும் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய கேள்வியைத் துணிந்து கேட்க முடிந்தது. அதே தளர்வு பிற்பாடு கோடிக்கணக்கான டாலரையும் ஒப்பந்தங்களையும் கையாள வேண்டி வந்தபோது பலவீனமானது. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பது கடைசிவரை தெளிவாகவே இல்லை.

அரசு அமைப்பு ஒன்று, சட்டப்படி இல்லாத சங்கத்துக்குப் பணம் தர முடியாது. எனவே 1958இல் அந்த வட்டம் ஒரு குழுவாகத் தேசிய அறிவியல் கழகத்தின் கீழ் வந்தது. சாத்தியத்தை ஆராய 15,000 டாலர் கிடைத்தது. இதற்கு முன்பே, 1957 செப்டம்பரில் டொரன்டோவில் நடந்த பன்னாட்டுப் புவி இயற்பியல் மாநாட்டில் யோசனைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. அங்கே சோவியத் அறிவியலாளர் ஒருவர், தங்களிடம் கருவி தயார், இடம்தான் பார்க்கிறோம் என்ற பொருளில் பேசியதாகச் செய்தி பரவியது. அடுத்த மாதமே ஸ்புட்னிக். அமெரிக்காவில் இதற்குப் பிறகு பணம் கேட்பது எளிதாகிவிட்டது.

கஸ்-1: கப்பலை ஓரிடத்தில் நிறுத்துவது

தொழில்நுட்பப் பொறுப்பு வில்லார்ட் பாஸ்கம் என்ற பொறியாளரிடம் வந்தது. கடலில் துளை போடுவதைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு ஆழம் போக முடியும் என்றுதான். பாஸ்கம் அதைவிட அடிப்படையான சிக்கலைப் பிடித்தார்: கப்பல் எப்படி ஓரிடத்தில் நிற்கும்? நம் ஊரில் போர் போடும் வண்டி, நான்கு பக்கமும் ஜாக்கி ஊன்றி அசையாமல் நின்றால்தான் குழாயை இறக்கவே தொடங்குவார்கள். கடலில் ஊன்ற இடமில்லை. சில நூறு மீட்டர் ஆழம் வரை நங்கூரம் போட்டுச் சமாளிக்கலாம். மூன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் நங்கூரச் சங்கிலி உதவாது.

கிடைத்த கலம் கஸ்-1. கடற்படையின் பழைய சரக்குப் பார்ஜ் அது. நீளம் சுமார் 80 மீட்டர், நடுவில் துளைக்குழாயைத் தூக்கி இறக்கும் 30 மீட்டர் உயர டெரிக் கோபுரம். கான்டினென்டல், யூனியன், ஷெல், சுப்பீரியர் ஆகிய நான்கு எண்ணெய் நிறுவனங்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அதற்குப் பெயரானது. இயக்கியது குளோபல் மரீன் நிறுவனம்.

பாஸ்கம் குழு அந்தப் பார்ஜின் பக்கங்களில் நான்கு பெரிய அவுட்போர்டு மோட்டார்களைப் பொருத்தியது. ஒவ்வொன்றையும் எந்தத் திசைக்கும் திருப்பலாம். துளை போட வேண்டிய இடத்தைச் சுற்றி, கடல் தரையிலிருந்து கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டிய மிதவைகளை நிறுத்தினார்கள். கம்பி விறைப்பாக இருப்பதால் மிதவை நகராது. மேலே இருப்பவை ரேடாரில் தெரியும், நீருக்கடியில் இருப்பவை ஒலியால் இடம் காட்டும் சோனாரில் தெரியும். ஓட்டுநர் முன்னால் திரை, கையில் ஒரே ஒரு நெம்புகோல். மிதவைப் புள்ளிகள் திரையில் ஒரு பக்கமாக ஒதுங்கினால் கப்பல் மறுபக்கம் நகர்கிறது என்று பொருள். நெம்புகோலைத் தள்ளினால் நான்கு மோட்டார்களும் சேர்ந்து கப்பலைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரும். இரவும் பகலும் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து இதையே செய்ய வேண்டும்.

அப்புறம் குழாய். கப்பல் உருளும்போது அதிக வளைவு ஏற்படுவது குழாயின் மேல் முனையில், கப்பலின் அடிப்பகுதியை விட்டு அது வெளியே வரும் இடத்தில். அந்த இடத்தில் மடங்கி மடங்கி உலோகம் களைத்தால் மூன்றரை கிலோமீட்டர் குழாயும் கடலில் போய்விடும். அதற்காகக் கப்பலுக்குக் கீழே, வாய் விரிந்த வழிகாட்டிக் குழல் ஒன்றைப் பொருத்தினார்கள். குழாய் அதன் உள்வளைவில் சாய்ந்து நிற்குமே தவிர ஒரு அளவுக்கு மேல் வளைய முடியாது.

1961 மார்ச்சில் கலிபோர்னியாவின் லா ஹோயா கரைக்கு அப்பால் 948 மீட்டர் நீரில் ஒத்திகை நடந்தது. தரைக்குக் கீழே 315 மீட்டர் வரை போனார்கள். கப்பல் இடம் விட்டு விலகாமல் நின்றது.

குவாடலூப்

அடுத்து மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்குக் கிழக்கே, 3,558 மீட்டர் நீரில் ஐந்து துளைகள். அவற்றில் ஆழமானது 183 மீட்டர். முதல் 170 மீட்டர் வண்டல் படிவு, மையோசீன் காலத்து நுண்ணுயிர் ஓடுகள் நிறைந்த களிமண். அதற்குக் கீழே கடைசி 13 மீட்டர் பசால்ட் என்ற எரிமலைப் பாறை.

இந்த 13 மீட்டர் ஏன் பெரிது? கடல் தரைக்கு அடியில் அடுக்குகள் இருப்பது அதிர்வலைச் சோதனைகளால் முன்பே தெரியும். மேல் அடுக்கு வண்டல். அதற்குக் கீழே உள்ள இரண்டாம் அடுக்கு இறுகிய வண்டல் பாறையா, எரிமலைப் பாறையா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. கஸ்-1 மேலே கொண்டுவந்த கோர், அதாவது துளையிலிருந்து உருளையாக எடுத்த மாதிரி, அந்த இடத்தைப் பொறுத்தவரை வாதத்தை முடித்தது. அதுவரை ஆழ்கடல் தரைக்குள் மனிதர் போனதெல்லாம், குழாயைக் குத்தி எடுக்கும் முறையில் சில பத்து மீட்டர்தான். குடியரசுத் தலைவர் கென்னடி இதை வரலாற்று மைல்கல் என்று பாராட்டித் தந்தி அனுப்பினார். சுமார் 15 லட்சம் டாலரில் இவ்வளவும் முடிந்தது.

இந்த வெற்றிக்குள்ளேயே அடுத்த கட்டத்தின் சிக்கலும் இருந்தது. கஸ்-1 போட்ட துளைகள் திறந்த துளைகள். கடல் நீரைக் குழாய் வழியே அழுத்தி இறக்குவார்கள், அரைபட்ட கல்தூள் கடல் தரைக்கு வந்து அங்கேயே பரவிவிடும். குழாயின் நுனியில் பாறையை அரைக்கும் பிட் தேய்ந்துவிட்டால் குழாய் முழுவதையும் மேலே இழுத்தாக வேண்டும். இழுத்த பிறகு, மூன்றரை கிலோமீட்டர் கீழே ஓரடி அகலம்கூட இல்லாத அந்தத் துளையை மறுபடி கண்டுபிடிக்க வழியே கிடையாது. ஒரு துளைக்கு ஒரு பிட், அவ்வளவுதான். கவசம் வரை ஐந்து கிலோமீட்டர் கெட்டிப் பாறையைக் குடைய எத்தனையோ பிட்டுகள் மாற்ற வேண்டும். போன துளைக்குள் திரும்பப் போகும் வித்தையைக் கற்காமல் மோஹோ வெறும் கனவு.

ஒரு கப்பலா, இரண்டா

பாஸ்கமின் யோசனை படிப்படியானது. கஸ்-1ஐவிடப் பெரிய இடைநிலைக் கப்பல் ஒன்றை முதலில் அமைக்க வேண்டும். அதை வைத்துப் பல கடல்களில் வண்டலையும் மேலோட்டின் மேற்பகுதியையும் துளைத்து மாதிரி எடுக்க வேண்டும். துளைக்குள் திரும்பப் போவது, பிட்டின் ஆயுளைக் கூட்டுவது எல்லாவற்றையும் அதில் கற்றுக்கொண்டு, பிறகுதான் மோஹோவுக்கான பெரிய தளம். பிரின்ஸ்டன் பேராசிரியரும் எண்ணெய்த் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவருமான ஹாலிஸ் ஹெட்பர்க், தேசிய அறிவியல் கழகத்தின் கீழ் வந்த அந்தக் குழுவின் தலைவரானபோது அவரும் இதையே வற்புறுத்தினார்.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் இருந்தது. இரண்டு கலம் என்றால் இரட்டைச் செலவு, இரட்டைத் தாமதம். காங்கிரஸ் ஒப்புக்கொண்டது கவசத்தை எட்டும் திட்டத்துக்கு. நடுவில் வண்டல் தோண்டும் கப்பல் கேட்டால், நோக்கம் மாறிவிட்டது என்று தோன்றும்.

இந்த வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒப்பந்ததாரர் வந்துவிட்டார். 1962 பிப்ரவரியில் அறிவியல் அறக்கட்டளை ஹூஸ்டனின் பிரௌன் அண்ட் ரூட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. ஏலத்தின் முதல் மதிப்பீட்டில் முதலிடம் பெற்றது சோகோனி மொபில் தலைமையிலான கூட்டு. பிரௌன் அண்ட் ரூட் அதில் பின்தங்கியிருந்தது. அறக்கட்டளையின் நிதியைத் தீர்மானிக்கும் பிரதிநிதிகள் சபைத் துணைக்குழுவின் தலைவர் ஆல்பர்ட் தாமஸும் ஹூஸ்டன்காரர். கலிபோர்னியா செனட்டர் தாமஸ் குசெல் உட்படப் பலர் கேள்வி எழுப்பினர். தேர்வில் முறைகேடு நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பிரௌன் அண்ட் ரூட் கடல் வேலை தெரியாத நிறுவனமும் இல்லை. 1947இல் மெக்சிகோ வளைகுடாவில் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எண்ணெய்த் தளம் எழுப்பியவர்கள் அவர்கள். ஆழ்கடல் துளையிடல்தான் அவர்களுக்குப் புதிது. குவாடலூப்பில் அதைச் செய்து காட்டிய பாஸ்கம் குழுவோ சில மாதங்களில் ஒதுங்கி, 1962இல் தனி நிறுவனம் தொடங்கிவிட்டது. என் பார்வையில் திட்டத்துக்கு நேர்ந்த முதல் பெரிய இழப்பு இதுதான். கையில் பழகிய அறிவு காகிதத்தில் ஏறி வராது.

ஒப்பந்தத்தின் வடிவமும் உதவவில்லை. ஆகும் செலவு முழுவதையும் அரசு ஏற்கும், அதற்கு மேல் நிலையான கட்டணம். தெளிவான இலக்கு இருந்தால் இந்த முறையில் தவறில்லை. இங்கே அறிவியலாளர்கள் ஒன்று கேட்டார்கள், ஒப்பந்ததாரர் இன்னொன்று வரைந்தார், அறக்கட்டளை நடுவில் நின்றது. அதுவரை பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வு நிதி கொடுத்துப் பழகிய அமைப்பு அது. இவ்வளவு பெரிய பொறியியல் வேலையை மேற்பார்க்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. 1963 இறுதியில் ஹெட்பர்க் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1964இல் குழுவே கலைந்தது. இரண்டு கப்பல் யோசனை அதோடு போயிற்று. ஒரே பெரிய தளம் என்று முடிவானது.

தளத்தின் வடிவமைப்பைப் பார்த்தால் பொறியாளர்கள் மேல் மரியாதைதான் வருகிறது. 85 மீட்டர் நீளம், 71 மீட்டர் அகலம். நீருக்குள் மூழ்கிய மிதவை உடல்கள், அவற்றின் மேல் தூண்கள், தூண்களின் மேல் தளம், தானாக இடம் பிடித்து நிற்கும் ஏற்பாடு. பிற்காலத்து ஆழ்கடல் எண்ணெய்த் தளங்கள் இந்த வழியில்தான் வந்தன. 1965இல் இடமும் குறித்தார்கள்: ஹவாயின் மாவி தீவுக்கு வடக்கே, நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர், அதற்குக் கீழே ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை.

ஆனால் மதிப்பீடு ஒவ்வொரு ஆண்டும் ஏறிக்கொண்டே போய், 1966இல் 10 கோடி டாலரைத் தாண்டியது. வியட்நாம் போர்ச் செலவு வேறு அழுத்தியது. 1966 பிப்ரவரியில் ஆல்பர்ட் தாமஸ் இறந்தார். மே மாதம் அதே துணைக்குழு மோஹோல் நிதியை நீக்கியது. குடியரசுத் தலைவர் ஜான்சன் செனட்டில் காப்பாற்றப் பார்த்தார். அந்த நேரத்தில் பிரௌன் அண்ட் ரூட் நிறுவனத்தின் பிரௌன் குடும்பத்தினர் ஜனநாயகக் கட்சிக்குத் தந்த நன்கொடை பற்றிய பேச்சும் சபையில் கிளம்பியது. ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது.

ஐந்து ஆண்டுகளாகக் கடலில் ஒரு துளைகூடப் போடாத திட்டம் அது. 1962க்கும் 1966க்கும் இடையே ஒரு கப்பல் மாதாமாதம் புதிய கோர்களைக் கொண்டுவந்திருந்தால், காங்கிரஸில் பேச அறிவியலாளர்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லாததால், பணம் நின்ற நாளில் திட்டத்துக்காகப் பேசப் பெரிதாக ஆளில்லை. இடைநிலைக் கப்பலைக் கைவிட்டதன் விலை இது என்று நான் நினைக்கிறேன்.

கைவிட்ட கப்பல் வேறு வழியில் வந்தது

1964இல் ஸ்கிரிப்ஸ், உட்ஸ் ஹோல், லாமன்ட், மயாமி ஆகிய நான்கு கடலியல் நிறுவனங்கள் சேர்ந்து ஜாய்டெஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. இவர்களுக்குக் கவசம் உடனடி இலக்கு இல்லை. பல இடங்களில், எட்டக்கூடிய ஆழத்தில், கடலின் வரலாற்றை எடுக்க வேண்டும். 1965இல் புளோரிடா கரைக்கு அப்பால் கால்ட்ரில் என்ற கப்பலை வாடகைக்கு எடுத்து ஆறு இடங்களில் துளைத்தார்கள். 1966 ஜூனில், மோஹோல் சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே அறிவியல் அறக்கட்டளை ஆழ்கடல் துளையிடல் திட்டத்துக்காக ஸ்கிரிப்ஸுடன் ஒப்பந்தம் போட்டது. முதல் கட்டத்துக்கு 1 கோடியே 26 லட்சம் டாலர்.

கப்பலைக் கட்டி இயக்கும் பொறுப்பு கஸ்-1ஐ இயக்கிய அதே குளோபல் மரீனுக்கு. 1968இல் டெக்சாஸின் ஆரஞ்ச் நகரில் நீரில் இறங்கிய குளோமர் சேலஞ்சர், 122 மீட்டர் நீளம். மிதவைகளுக்குப் பதிலாக, ஒலி எழுப்பும் கருவி ஒன்றைக் கடல் தரைக்கு இறக்கிவிடுவார்கள். கப்பலின் அடியில் உள்ள ஒலிவாங்கிகள் அதைக் கேட்கும், கணினி மோட்டார்களை இயக்கும். நெம்புகோலோடு உட்கார்ந்திருந்த ஓட்டுநரின் வேலை கணினிக்குப் போனது.

மூன்றாவது பயணம், 1968 டிசம்பரில் டக்காரிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்கு. தென் அட்லாண்டிக்கின் அடியில் ஓடும் நடுமலைத் தொடருக்கு இரு பக்கமும் வரிசையாகத் துளைத்து, ஒவ்வோர் இடத்திலும் பசால்ட்டுக்குச் சற்று மேலே உள்ள வண்டலின் வயதைப் புதைபடிவங்களால் கணித்தார்கள். தொடரிலிருந்து விலக விலக வயது சீராகக் கூடியது. ஒரு பக்கத்துக்கு ஆண்டுக்கு சுமார் 2 சென்டிமீட்டர் வேகத்தில் கடல் தரை விரிகிறது. கடல் தரை விரிகிறது என்ற கருத்தை 1962இல் கட்டுரையாக முன்வைத்தவர் ஹாரி ஹெஸ், மோஹோல் யோசனையை முதலில் பிடித்துக்கொண்ட அதே ஹெஸ். 1969 ஆகஸ்டில் அவர் இறப்பதற்குள் இந்தப் பயணம் முடிந்திருந்தது.

துளைக்குள் திரும்பப் போகும் சிக்கலும் இந்தக் கப்பலில்தான் தீர்ந்தது. 1970 ஜூனில் நியூயார்க் கரைக்கு அப்பால், சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் சோதனை. துளையின் வாயில் ஐந்து மீட்டர் அகலக் கூம்பு ஒன்றை முதலிலேயே நிறுத்திவிடுவார்கள். பிட் தேய்ந்ததும் குழாயை இழுத்து, புது பிட் மாட்டி மறுபடி இறக்குவார்கள். குழாயின் நுனியில் ஒரு சோனார், கூம்பின் விளிம்பில் ஒலியைத் திருப்பும் தகடுகள். திரையில் அந்தத் தகடுகள் தெரியும்வரை கப்பலை மெல்ல நகர்த்தி, நேர் மேலே வந்ததும் குழாயை விட வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கரீபியன் கடலில் உண்மையான வேலையில் அதைப் பயன்படுத்தினார்கள். பாஸ்கம் கேட்ட இடைநிலைக் கப்பல் என்ன செய்திருக்குமோ, அதை எட்டு ஆண்டு தாமதமாக சேலஞ்சர் செய்தது. 1983இல் திட்டம் முடியும்போது 624 இடங்களில் துளைத்து, 97 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோர் எடுத்திருந்தார்கள்.

மோஹோவை இன்றுவரை எவரும் துளையிட்டுக் கடக்கவில்லை. கிழக்குப் பசிபிக்கில் 1979இல் தொடங்கிய 504பி என்ற துளை, பல பயணங்களில் திரும்பத் திரும்பப் போய் 1993இல் 2,111 மீட்டரை எட்டியது. 2023இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல், அட்லாண்டிக்கில் பிளவுப் பெயர்ச்சியால் கவசப் பாறை மேலே ஏறி வந்திருக்கும் அட்லாண்டிஸ் மாசிஃப் என்ற இடத்தில் 1,268 மீட்டர் துளைத்து, அந்தப் பாறையை நீண்ட கோராக எடுத்தது. அந்தக் கப்பலுக்கான அமெரிக்க நிதி 2024இல் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் சீனா, கடல் மட்டத்திலிருந்து 11 கிலோமீட்டர் வரை துளையிடும் திறனோடு வடிவமைத்த மெங்ஷியாங் கப்பலைக் குவாங்சோவில் பணியில் சேர்த்தது. அதன் அறிவித்த இலக்குகளில் மோஹோவும் உண்டு.